சிறுநீரகம் பழுதானால் மூளையின் ரத்தக் குழாய்க்கு என்ன ஆகும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. 18 வருடமாகச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. கிரியேட்டினின் 2.5, இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) 28, சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் 640. கால் எரிச்சலுக்கு கபாபென்டின் 300 மில்லிகிராம் மூன்று வேளை சாப்பிடுகிறார். 'நரம்புக்கு நல்லது' என்று யாரோ சொல்லி, அதிக டோஸ் பி வைட்டமின் மாத்திரையும் ஒரு வருடமாக எடுக்கிறார். ஆறேழு மாதமாக எதைக் கேட்டாலும் பதில் வர நேரமாகிறது. வீட்டு வரவுசெலவை மனக்கணக்காகவே போடுபவர், இப்போது பாதியில் விட்டுவிடுகிறார். நடையும் தளர்ந்துவிட்டது. தலை எம்ஆர்ஐயில் 'சிறு ரத்தக் குழாய் நோய், ஃபஸேகாஸ் 2, இடது தாலமஸில் பழைய சிறு அடைப்பு, இரண்டு நுண் ரத்தக்கசிவுகள்' என்று எழுதியிருக்கிறார்கள். அவருக்குப் பக்கவாதம் வந்ததே இல்லை. சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? ஆஸ்பிரின் தொடங்கலாமா? டயாலிசிஸ் வந்தால் மூளை இன்னும் கெட்டுவிடுமா? வீட்டில் பிரஷர் 152/68 காட்டுகிறது. கீழ் எண் நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார்கள் உறவினர்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதம் 640, எம்ஆர்ஐயில் வெள்ளைத் திட்டுகள் (அவை எவ்வளவு பரவியுள்ளன என்பதைச் சொல்லும் தர எண்தான் ஃபஸேகாஸ்). இவற்றை இரு வேறு நோயாகப் பார்க்க வேண்டாம். நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதாகி வருவதை ஒரு ரிப்போர்ட் சிறுநீரகத்தில் காட்டுகிறது, இன்னொன்று மூளையில் காட்டுகிறது. சிறுநீரகத்தை ஒருவரும் மூளையை ஒருவரும் தனித்தனியாகப் பார்க்கும்போது இந்தத் தொடர்பு கண்ணில் படாமல் போய், 'வயசாச்சு' என்ற ஒரே வார்த்தையில் முடிந்துவிடுகிறது. 62 வயதில் ஃபஸேகாஸ் 2 என்பதை வயதின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

சம்பந்தம் எங்கே என்று பார்ப்போம். மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் அதற்குப் போகிறது. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து எடையில் அரை சதவீதம் இருக்கும், ஆனால் 20 சதவீதத்துக்குக் குறையாமல் ரத்தம் வாங்கிக்கொள்கின்றன. இரண்டுக்கும் ஓய்வே கிடையாது. இதயம் சுருங்கும்போதும் விரியும்போதும் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், இவற்றின் குழாய்கள் எதிர்ப்புக் குறைவாக, திறந்த நிலையிலேயே இருக்கின்றன.

அடுத்தது குழாய்கள் கிளைக்கும் விதம். நடு மூளைத் தமனியின் விட்டம் சுமார் 3 மில்லிமீட்டர். அதன் பக்கச் சுவரிலிருந்து, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய குழாய்கள் நேராக முளைத்து மூளையின் ஆழத்துக்குள் இறங்குகின்றன. மற்ற உறுப்புகளில் பெரிய கிளை, நடுத்தரக் கிளை, சின்னக் கிளை என்று பிரியப் பிரிய அழுத்தமும் படிப்படியாகத் தணியும். இங்கே அந்தப் படிகளே இல்லை. தலைவாய்க்காலில் மடை வெட்டி நேராக நாற்றங்காலுக்குள் தண்ணீர் விட்டதைப் போல, பெரிய குழாயின் அழுத்தம் அப்படியே சின்னக் குழாயில் மோதுகிறது. சிறுநீரகத்தின் உட்பகுதியை ஒட்டிய வடிகட்டிகளுக்குப் போகும் குழாய்களும் இதே அமைப்பில்தான் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் அங்கே வடிகட்டி ஓட்டையாகி அல்புமின் கசிகிறது, இங்கே குழாயின் சுவர் தடித்து அடைபடுகிறது அல்லது மெலிந்து கசிகிறது. உங்கள் அப்பாவுக்கு அடைப்பு வந்திருக்கும், மூளையின் ஆழத்தில் உள்ள தாலமஸும் இப்படிப்பட்ட நேர்க்குழாய்களை நம்பியிருக்கும் இடம்தான்.

இனி 152/68-க்கு வருகிறேன். கீழ் எண் நன்றாக இருக்கிறது என்று ஆறுதல் சொல்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்: 84. இயல்பான இடைவெளி 40 சுற்றுவட்டாரம். பெருந்தமனி நெகிழ்வாக இருந்தால், இதயம் தள்ளும் ரத்தத்தில் ஒரு பங்கைத் தானே விரிந்து வாங்கிக்கொண்டு, இதயம் ஓயும் நொடியில் மெல்லச் சுருங்கி முன்னால் அனுப்பும். ஓட்டம் சீராகும். அந்தச் சுவர் விறைத்துப்போனால் மேல் எண் எகிறும், கீழ் எண் சரியும். ஒவ்வொரு துடிப்பும் தணியாமல் மூளையின் நுண்குழாய் வரை அடித்துக்கொண்டே போகும். நிமிடத்துக்கு 70 முறை, நாளுக்கு ஒரு லட்சம் முறை. அவருடைய 68 குழாய் விறைத்திருப்பதன் அடையாளம். அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சிறுநீரகம் கெட்டால் குழாய் ஏன் விறைக்கிறது? முதல் காரணம் பாஸ்பேட். கழிவாக வெளியேற வேண்டியது தேங்குகிறது. அதே சமயம், சிறுநீரகம் சுரந்து குழாய்களைக் காத்துவந்த க்ளோத்தோ என்ற புரதமும் குறைகிறது. இந்தச் சூழலில் குழாய்ச் சுவரின் தசைச் செல்கள் எலும்புச் செல்லைப் போல மாறி, சுவரின் நடு அடுக்கில் சுண்ணாம்பைப் படிய வைக்கின்றன. கொழுப்புப் படிவு குழாயின் உள்பக்கத்தை அடைக்கும். இதுவோ குழாயையே குச்சிபோல் ஆக்கிவிடும். கபாலத்துக்குள் நுழையும் கழுத்துத் தமனியின் வளைவில் இந்தச் சுண்ணாம்பு சாதாரண சிடி ஸ்கேனிலேயே வெள்ளையாகத் தெரியும்.

இரண்டாவது, உள்சுவரின் சேதம். குழாயைத் தளர்த்தி வைப்பது நைட்ரிக் ஆக்ஸைடு. சிறுநீரகம் வெளியேற்றாத கழிவுப் பொருள்கள் அதன் உற்பத்தியை மடக்குகின்றன. குடல் கிருமிகள் உண்டாக்கும் பொருளிலிருந்து வரும் இண்டாக்ஸில் சல்ஃபேட் போன்ற நச்சுகள் உள்சுவரைப் புண்ணாக்குகின்றன. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரையும் அவை நெகிழச் செய்கின்றன என்பது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ரத்தசோகை சேர்ந்துகொண்டால், அதே ஓட்டத்தில் வந்து சேரும் ஆக்சிஜனும் குறைவு. கூடவே ஒரு சங்கடம்: முற்றிய சிறுநீரக நோயில் ரத்தம் உறையும் போக்கும் உண்டு, தட்டணுக்கள் சரியாக ஒட்டாததால் கசியும் போக்கும் உண்டு. அப்பாவின் எம்ஆர்ஐயில் அடைப்பும் கசிவும் ஒன்றாகக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழே போனவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதல். அல்புமின் கசிவு அதற்கு மேலும் தனியாக அபாயத்தைக் கூட்டுகிறது.

'பக்கவாதமே வரவில்லையே' என்று கேட்டிருக்கிறீர்கள். சின்னக் குழாய் அடைபட்டு உண்டாகும் 3 முதல் 15 மில்லிமீட்டர் அளவுள்ள குழி, கை காலை இயக்கும் பாதை போன்ற இடத்தில் விழுந்தால்தான் வெளியே தெரியும். வேறு இடத்தில் விழுந்தால் சத்தமில்லாமல் தங்கிவிடும். வெள்ளைத் திட்டுகள் என்பவை மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நரம்பிழைகள் பட்டினி கிடந்த இடங்கள். நினைவு பத்திரமாகத்தான் இருக்கும், அதை எடுத்து வரும் பாதை பழுதாகியிருக்கும். அதனால்தான் பதில் தாமதமாக வருகிறது, மனக்கணக்கு பாதியில் நிற்கிறது, நடை தளர்கிறது. பெயர், முகம், பழைய நிகழ்வுகள் எல்லாம் சரியாக இருக்கும். கொஞ்சம் பொறுத்திருந்தால் பதிலும் சரியாகவே வரும். பொறுத்திருங்கள். அவசரப்படுத்தினால் அவர் பேசுவதையே குறைத்துக்கொள்வார்.

ஆனால் ஆறேழு மாதத்தில் வந்த மந்தம் முழுவதையும் எம்ஆர்ஐயின் மேல் போடுவதற்கு முன், அவருடைய மருந்துப் பையைத் திறந்து பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் உறுத்தியது கபாபென்டின்தான். அது முழுக்க முழுக்கச் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்து. சிறுநீரக வடிகட்டும் திறன் 15 முதல் 29 வரை உள்ளவருக்கு ஒரு நாளின் மொத்த அளவே 200 முதல் 700 மில்லிகிராம். அதுவும் ஒரே வேளையாக. அப்பா எடுப்பது 900. தேங்கும் மருந்து தூக்கக் கலக்கம், மந்தம், தள்ளாட்டம், கை உதறல் எல்லாம் தரும். நீங்கள் எழுதியிருப்பதில் பாதி இதிலேயே அடங்கிவிடக்கூடும். நாளையே போய் மருத்துவரிடம் 'இஜிஎஃப்ஆர் 28-க்கு இந்த அளவு சரியா?' என்று கேளுங்கள். நீங்களாக சட்டென்று நிறுத்த வேண்டாம். குறைந்தது ஒரு வாரத்தில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், இல்லையென்றால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. ப்ரீகபாலினுக்கும் இதே எச்சரிக்கை. முதுகுப் பிடிப்புக்கு யாராவது பாக்லோஃபென் எழுதினால் வாங்கவே வேண்டாம். சிறுநீரகம் இந்த நிலையில் இருக்கும்போது ஓரிரு மாத்திரையிலேயே நினைவு தப்பியவர்கள் உண்டு.

பி வைட்டமின் விஷயமும் சின்னதில்லை. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்ட 238 பேரிடம் நடந்த டிவைன் என்ற ஆய்வு 2010-இல் வெளியானது. ஃபோலிக் அமிலம் 2.5 மில்லிகிராம், பி6 25 மில்லிகிராம், பி12 1 மில்லிகிராம் தினமும் கொடுத்தார்கள். ரத்தக் குழாய்க்குக் கெடுதல் என்று கருதப்படும் ஹோமோசிஸ்டீன் குறைந்தது உண்மைதான். ஆனால் 3 வருடத்தில் வடிகட்டும் திறன் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 10.7 குறைய, வைட்டமின் எடுத்தவர்களுக்கு 16.5 குறைந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் ஏறத்தாழ இரு மடங்காயின. ரத்தப் பரிசோதனையில் பி12 குறைபாடு தெரிந்தால் அதற்குரிய அளவில் கொடுப்பது வேறு. 'நரம்புக்கு நல்லது' என்று கண்ணை மூடிக்கொண்டு அதிக டோஸ் போடுவதை நிறுத்திவிடுங்கள்.

அதே ரத்தம் எடுக்கும்போது ஹீமோகுளோபின், சோடியம், தைராய்டு, பி12 எல்லாம் பார்த்துவிடலாம். இரவில் சர்க்கரை தாழ்கிறதா என்றும் கவனியுங்கள். சிறுநீரகத்தின் திறன் குறையும்போது இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் உடலில் நீடித்து நின்று சர்க்கரையை இறக்கும். மெட்ஃபார்மின் எடுப்பவராக இருந்தால், இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே அது கூடாது. பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கப் பரிசோதனை தேவை.

இப்போது மிக முக்கியமானது: ரத்த அழுத்தம். அளக்கும் முறை சரியில்லாவிட்டால் மருந்தும் சரியாக அமையாது. சிறுநீர் கழித்துவிட்டு, 5 நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும், கால் மேல் கால் கூடாது. பட்டை வெறும் கையில், இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். பட்டை சின்னதாக இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, இரவில் இரண்டு முறை, நடுவில் ஒரு நிமிட இடைவெளி. 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதைச் சராசரி எடுங்கள். பிறகு ஒரு நாள், எழுந்து நின்ற 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் அளந்து பாருங்கள். நிற்கும்போது மேல் எண் 20-க்கு மேல் சரிந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது சகஜம், மருந்தை எவ்வளவு வேகமாகக் கூட்டலாம் என்பதை முடிவு செய்வதே இதுதான். சிறுநீரக நோயில் தூங்கும்போது அழுத்தம் தணிய வேண்டிய அளவு தணியாது. முடிந்தால் 24 மணி நேர அழுத்தப் பதிவு ஒருமுறை செய்துகொள்ளுங்கள்.

எவ்வளவுக்குக் கொண்டுவருவது? 2021-ஆம் ஆண்டின் சர்வதேச சிறுநீரக வழிகாட்டுதல், தாங்க முடிந்தவர்களுக்கு மேல் எண் 120-க்குக் கீழ் என்கிறது. ஸ்ப்ரின்ட் ஆய்வில் 120-ஐக் குறியாக வைத்துச் சிகிச்சை பெற்றவர்களுக்கு லேசான அறிவுத்திறன் குறைவு 19 சதவீதம் குறைவாக வந்தது, வெள்ளைத் திட்டுகளும் மெதுவாகவே பெருகின. ஆனால் அதில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை. சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த அக்கார்டு ஆய்வில் (2010) மொத்த இதய நோய்க் கணக்கு பெரிதாக மாறவில்லை, பக்கவாதம் மட்டும் தெளிவாகக் குறைந்தது. அப்பாவின் கீழ் எண் ஏற்கனவே 68 என்பதால், என் கருத்தில் முதலில் 130-க்குக் கீழே கொண்டுவந்து, நிற்கும்போது தலைசுற்றல் இல்லையென்றால் சில வாரங்கள் கழித்து இன்னும் இறக்கலாம். ஒரே வாரத்தில் 152-லிருந்து 115-க்குத் தள்ளினால், விறைத்த குழாய்களால் மூளைக்கு ஓட்டத்தைச் சரிக்கட்ட முடியாது.

அல்புமின் 640 இருப்பவருக்கு அடிப்படை மருந்து லோசார்டான், டெல்மிசார்டான் வகையோ ரமிப்ரில் வகையோதான். இரண்டு வகையையும் சேர்த்து எடுக்கக் கூடாது. தொடங்கிய அல்லது கூட்டிய 2 முதல் 4 வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே நீரிறக்கி மாத்திரை வேலை செய்யாது என்று சொல்லிவந்தார்கள். 2021-இல் வந்த க்ளிக் ஆய்வு, குளோர்தலிடோன் 12.5 மில்லிகிராமில் தொடங்கி, 15 முதல் 29 வரை உள்ளவர்களுக்கே மேல் எண்ணை 11 புள்ளி இறக்கியது. சோடியம், பொட்டாசியத்தைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை இஜிஎஃப்ஆர் 20 வரை தொடங்கலாம். சிறுநீரகச் சரிவை மெதுவாக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு, அறுவைச் சிகிச்சை சமயங்களில் மட்டும் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், அப்பாவுக்கு அது ஆபத்து. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் கெடுக்கும், அழுத்தத்தையும் ஏற்றும்.

ஆஸ்பிரின் பற்றி: ஸ்கேனில் பழைய அடைப்பு தெரிகிறது என்பதற்காக மட்டும் நீங்களாகத் தொடங்காதீர்கள். வெளிப்படையான பக்கவாதமோ மாரடைப்போ வராதவருக்கு, நுண் கசிவு இரண்டு இருக்கும்போது, சிறுநீரகத்தால் தட்டணுவும் சரியில்லாதபோது, பலனும் ஆபத்தும் கிட்டத்தட்ட ஒரே எடையில் நிற்கின்றன. அழுத்தத்தை இறக்கிய பின் நரம்பியல் மருத்துவர் முடிவு செய்யட்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை அப்படியில்லை. டயாலிசிஸுக்கு முன் இருக்கும் இந்த நிலையில் அது தெளிவாகப் பயன் தரும். 2011-இல் வந்த ஷார்ப் ஆய்வில் சிம்வாஸ்டாட்டினும் எஸெட்டிமைபும் சேர்ந்து, கொழுப்படைப்பு சார்ந்த பெரிய பாதிப்புகளை 17 சதவீதம் குறைத்தன. டயாலிசிஸ் வந்தபின் புதிதாகத் தொடங்கிய ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே இப்போதே கேளுங்கள். நாடி தாறுமாறாக அடிக்கிறதா என்று ஒரு இசிஜியும் எடுத்துவிடுங்கள். சிறுநீரக நோயில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அதிகம், அது இருந்தால் மருந்துக் கணக்கே மாறும்.

ரத்தசோகைக்கு ஊசி தொடங்கினால் ஹீமோகுளோபின் 10-லிருந்து 11.5-க்குள் இருந்தால் போதும். 'இன்னும் ஏறினால் தெம்பு வரும்' என்று கேட்காதீர்கள். 2009-இல் வந்த ட்ரீட் ஆய்வில், அப்பாவைப் போன்ற சர்க்கரை–சிறுநீரக நோயாளிகளுக்கு 13 வரை ஏற்றியபோது பக்கவாதம் ஏறத்தாழ இரு மடங்கானது.

டயாலிசிஸ் பற்றிய உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ரத்த டயாலிசிஸ் நடக்கும் 4 மணி நேரத்தில் மூளைக்குப் போகும் ரத்தம் சராசரியாக 10 சதவீதம் குறைவதாக அளந்திருக்கிறார்கள். தொடங்கும் முதல் சில வாரங்களில்தான் பக்கவாத அபாயமும் உச்சம். ஆனால் இதில் பெரும்பகுதி எவ்வளவு நீரை எவ்வளவு வேகத்தில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் போகக் கூடாது. 60 கிலோ உள்ளவருக்கு 4 மணி நேரத்தில் அதிகபட்சம் 3.1 லிட்டர். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் உடலில் நீர் சேர்ந்து 4 கிலோ ஏற்றிக்கொண்டு வந்து, 'இன்றே முழுவதும் எடுத்துவிடுங்கள்' என்றால் அழுத்தம் சரியும், மூளை காயும். இடைவெளியில் 2 கிலோவுக்குள் நிறுத்திக்கொள்வதும், அதிகம் ஏறினால் நேரத்தைக் கூட்டிக் கேட்பதும்தான் வழி. முதல் இரண்டு மூன்று தடவை 2 மணி நேரம், மெதுவான ஓட்டத்தில் செய்ய வேண்டும். யூரியாவை வேகமாக இறக்கினால் மூளை வீங்கும். டயாலிசிஸ் திரவத்தை உடல் வெப்பநிலையைவிட அரை டிகிரி குளிராக வைத்தால் அழுத்தம் நிலையாக இருப்பதும், வெள்ளைப் பகுதி காக்கப்படுவதும் 2015-இல் ஒரு சிறிய ஆய்வில் தெரிந்தது. பிறகு வந்த பெரிய ஆய்வில் உயிரிழப்போ இதய பாதிப்போ குறையவில்லை. அழுத்தம் அடிக்கடி சரிபவருக்குக் கேட்டுப் பார்க்கலாம். அவருடைய வயிறும் வீட்டுச் சூழலும் ஒத்துவந்தால் வயிற்று வழி டயாலிசிஸையும் யோசியுங்கள். அதில் நீர் நாள் முழுக்க மெல்ல மெல்ல வெளியேறுகிறது.

எம்ஆர்ஐ மறுபடி எடுக்க நேர்ந்தால் சாய ஊசி தேவையில்லை. திட்டுகள், குழிகள், கசிவுகள் மூன்றும் ஊசி இல்லாமலே தெரியும். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது சிறுநீரக நோய்க்குக் காரணம் பரம்பரை நீர்க்கட்டி நோய் என்றால், அவர்களுக்கு மூளைத் தமனியில் பலூன்போல் புடைப்பு வரும் வாய்ப்புத் தனியாக உண்டு. குடும்பத்தில் யாருக்காவது மூளை ரத்தக்கசிவு வந்திருந்தால் தமனிக்கான எம்ஆர்ஐ ஒன்று எடுத்துவிட வேண்டும். அதற்கும் சாயம் தேவையில்லை.

கடைசியாக, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினால், பேச்சு குழறினால், திடீரென்று ஒரு பக்கப் பார்வையோ நிலையோ தப்பினால், முதலில் சர்க்கரை பாருங்கள், அது 1 நிமிட வேலை. பார்த்தபடியே ஆம்புலன்ஸை அழையுங்கள். வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது, கசிவா அடைப்பா என்பது சிடி எடுத்தால்தான் தெரியும். அழுத்தத்தை இறக்க மாத்திரையும் போடக் கூடாது. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். உறைவைக் கரைக்கும் ஊசிக்கு அந்த நேரத்திலிருந்து பொதுவாக 4.5 மணி நேரம்தான் அவகாசம். பெரிய குழாயில் அடைப்பு என்றால் கம்பி வழியாக எடுப்பதைத் தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரை செய்கிறார்கள். மருந்துப் பட்டியலும், கடைசி கிரியேட்டினினும் கையில் இருக்கட்டும். டயாலிசிஸ் தொடங்கியபின் என்றால், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஹெப்பரினை அன்று எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள். 'கிட்னி பேஷன்ட், சாய ஊசி போட முடியாது' என்று யாராவது தயங்கினால், பெரிய குழாய் அடைப்பு என்று சந்தேகம் இருக்கும் அந்த நேரத்தில் மூளையைக் காப்பதே முதல் வேலை என்று நீங்களே உறுதியாகக் கேளுங்கள்.